கல் இல்லாத மிஷின்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தச் சின்னக் குமிழைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்ட, கிர்ர் கிர்ர் என்று சத்தம் வரும். இனிமேல் திரும்பாது என்று விரலுக்கே தெரியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் திருகினால் உள்ளே அறுந்துவிடும் என்று நம்மைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

போன வாரம் என் மகள் தன் போனில் ஒரு படம் காட்டினாள். பின்மூடி கழற்றிய பழைய வாட்ச் ஒன்றின் உள்பக்கம். பித்தளைத் தகடு, நாலைந்து சக்கரங்கள், தலைமுடி போல மெல்லிய சுருள் கம்பி. அந்தக் காலத்திலேயே மலிவான மிஷினாம். இப்போது அதையும் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம்.

"அழகா இருக்குல்லம்மா?" என்றாள்.

அழகுதான் என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போய்விட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்றால் நடுவில் நிறுத்தி விளக்கம் கேட்க மாட்டீர்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கலாம். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. அந்தப் பக்கம், ஆம்பூர் போகும் சாலையை ஒட்டி, அப்பா வேலை செய்த தோல் கம்பெனி. ஆற்றில் தண்ணீர் இருந்து நான் பார்த்ததில்லை. மணலில் நடந்து கரையேறினால் கம்பெனி வாசல் வந்துவிடும். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எதற்கு என்று எங்களுக்குப் புரியாது. நாங்கள் பிறந்ததே அந்த நாற்றத்தில். தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, பிறகு பெரிய மர டிரம்களில் மருந்துத் தண்ணீரோடு சுற்றவிடுவார்கள். வெளியே வரும்போது தோல் வெளிர் நீலமாக இருக்கும். அப்பாவின் நகக்கண்களும் அதே நீலம். சோறு பிசையும்போது அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா அங்கே டிரம் மேஸ்திரி. சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, அதே கம்பெனியில் அப்பாவுக்குக் கீழே வேலை செய்தார். அப்பா அதிகம் பேசமாட்டார். சித்தப்பா அவருக்கும் சேர்த்துப் பேசுவார். அந்த வருஷம் தையில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. சித்தி குடியாத்தம் பக்கம். அவளுடைய அப்பா லுங்கித் தறியில் கூலிக்கு நெய்கிறவர். மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், போட்டார்.

பந்தலில் அந்த வாட்ச் கை கையாக மாறிப் போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெள்ளை டயல், தங்க நிற முள், பச்சையாக மின்னும் எண்கள். டயலின் அடியில் பொடி எழுத்தில் இருபத்தொரு கல் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் அதை உரக்கப் படித்தார். சித்தியின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கல் என்றால் வைரமா, ரத்தினமா என்று பெண்கள் பக்கம் ஒரு பேச்சு ஓடியது.

அந்த வாட்ச் சத்தம் போடும். மற்ற வாட்சுகளைக் காதில் வைத்தால்தான் கேட்கும். இது பக்கத்தில் உட்கார்ந்தாலே டக்கு டக்கு என்று கேட்கும். சித்தப்பா அதை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுத் தரையில் வைப்பார். தெருப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, குதிரை ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்போம். சித்தி கதவருகே நின்று சிரிப்பாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயதுகூட இருக்காது. எங்களோடு பல்லாங்குழி ஆடுகிறவள், அம்மா கூப்பிட்டால் அவசரமாகப் பெரிய மனுஷியாகிவிடுவாள்.

ஒரு மாதம்கூட சித்தப்பா அதைக் கட்டவில்லை. அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

"எங்கப்பா உனக்குத்தானே போட்டாரு?" என்று சித்தி முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"என் கை எப்பப் பாத்தாலும் தண்ணியில. அண்ணன் மேஸ்திரி, டிரம்மு எவ்ளோ நேரம் சுத்துதுன்னு பாக்கணும். அவரு கட்டினா இன்னா, நான் கட்டினா இன்னா?" என்றார் சித்தப்பா.

அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் கட்டிக்கொண்ட பிறகு ஆள் மாறித்தான் போனார். தினமும் காலையில் வாசல்படியில் உட்கார்ந்து சாவி கொடுப்பார். தெருவில் யாராவது மணி கேட்டால் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு, சற்று நேரம் எடுத்துக்கொண்டு சொல்வார். என் அப்பா கர்வப்பட்டு நான் பார்த்தது அந்த மூன்று நான்கு மாதங்கள் மட்டும்தான்.

வெயில் ஏற ஏற அந்த வாட்ச் தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் முன்னால் ஓடும், மறுநாள் பின்தங்கும். முடிவெட்டும் கடை ரேடியோவைக் கேட்டு அப்பா திருத்தி வைப்பார். "மாமனாரு மாதிரியே, நெனச்சா வருவாரு, நெனச்சா போவாரு" என்று சித்தப்பா கேலி செய்வார். சித்தி அவர்மேல் எதையாவது எறிவாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், கம்பெனியில் சங்கு ஊதும். முதல் சங்குக்குக் கிளம்பினால் இரண்டாவது சங்குக்கு வாசலில் இருக்கலாம். கரண்ட் இல்லாத நாளில்தான் சங்கு ஊதாது. அந்தக் கோடையில் கரண்ட் அடிக்கடி போனது.

அன்றைக்கும் கரண்ட் இல்லை. பள்ளிக்கூடம் லீவு. சித்தப்பா சைக்கிளில் முன்னால் போய்விட்டார். அப்பா வழக்கம்போல் ஆற்று மணலில் நடந்து போக வேண்டியவர். வாட்சைப் பார்த்தார். "இன்னும் நேரம் கீது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தெருக்கிணற்றுப் பக்கம் போய் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்தார். நான் அங்கே குடத்தோடு நின்றேன். அவர் நிதானமாகப் புகைத்தார். எவருக்கும் கெடுதல் இல்லாத ஒரு பீடி. பிறகு எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார். வாட்ச் பத்து நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

மீதியை அங்கிருந்தவர்கள் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். கரண்ட் இல்லாததால் டிரம் ஓடவில்லை. ஆட்கள் சும்மா நின்றார்கள். சும்மா நிற்கிற ஆட்களைப் பார்த்ததும் மானேஜருக்குப் பின்பக்கத்துக் கழிவுத் தொட்டி ஞாபகம் வந்திருக்கிறது. ரொம்ப நாளாக அள்ளாத சேறு. இன்றைக்கே அள்ளிவிடுங்கள் என்றார். யார் இறங்குவது என்ற பேச்சு வந்தபோது, மேஸ்திரி எங்கே என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வரவில்லை என்று தெரிந்தால் அவருக்கு அன்றைய வேலை போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, சித்தப்பா முன்னால் வந்து, "அண்ணன் வந்துகினே இருக்காரு சார். அவருக்குப் பதிலா நான் எறங்கறேன்" என்றாராம்.

ஏணியில் இறங்கும்போது நாற்றம் தாங்கவில்லை என்று துண்டை முகத்தில் கட்டிக்கொண்டார். கீழே போனதும் மேலே பார்த்து, "இப்ப நாத்தம் கம்மியாய்டுச்சிடா, பக்கெட்ட வுடுங்க" என்று கத்தியிருக்கிறார். பக்கெட் கீழே போவதற்குள் அவர் சேற்றில் குப்புற விழுந்துவிட்டார்.

அப்பா வாசலுக்குள் நுழைந்தது அந்த நேரத்தில். ஓடி வந்து தொட்டிக்குள் காலை விட்டவரை நாலு பேர் இடுப்பையும் காலையும் பிடித்து இழுத்தார்கள். அவர் திமிறிய திமிறலில் ஒருவருக்குப் பல் உடைந்தது. அவரைத் தரையில் போட்டு அமுக்கி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கொக்கி போட்டுச் சித்தப்பாவைத் தூக்கும்வரை அவரை எழுந்திருக்க விடவில்லை. மறுநாள் பார்த்தேன், அப்பாவின் கெண்டைக்காலில் விரல் தடங்கள் கன்றிப் போயிருந்தன.

எங்கள் தெருவில் கிடத்தியிருந்தபோதும் சித்தப்பாவின் உடம்பில் அந்த வாடை இருந்தது. எத்தனை குடம் ஊற்றியும் போகவில்லை. முதல்முறையாக நானும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

மானேஜர் வந்தார். மாலை போட்டார். கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று பெரியவர்களிடம் சொன்னார். பிறகு சித்தியின் முன்னால் வந்து கை கூப்பி, மிகவும் மென்மையான குரலில், "மேஸ்திரி மட்டும் கரெக்டா டைமுக்கு வந்திருந்தா இப்படி ஆயிருக்காதும்மா" என்றார்.

அவர் அவ்வளவுதான் சொன்னார். காரில் ஏறிப் போய்விட்டார். ஆனால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அழுதுகொண்டிருந்த சித்தி தலையைத் தூக்கி, கூட்டத்தில் அப்பாவைத் தேடியதை நான் பார்த்தேன். கண்டுபிடித்ததும் அவள் அழுகை நின்றது.

அதற்குப் பிறகு தெருவே அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றித்தான் பேசியது. மேஸ்திரி பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மேஸ்திரி இருந்திருந்தால் இறங்க விட்டிருப்பாரா? ஏன் தொட்டியை அத்தனை நாள் மூடி வைத்தார்கள், ஏன் ஒரு கயிறுகூட இடுப்பில் கட்டவில்லை என்று ஒருவர்கூடக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தால் மறுநாள் அவருக்கு அங்கே வேலை இருந்திருக்காது. தெருவில் பாதிப்பேர் அந்தக் கம்பெனிதான்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எடுக்க வந்த சித்தி அவர் முன்னால் நின்றாள்.

"அன்னிக்கு பீடி நல்லா இருந்திச்சா மாமா?"

குரலை உயர்த்தவே இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதுபோல் கேட்டாள். அப்பா அதற்குப் பிறகு பீடியைத் தொடவில்லை. அவள் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. தப்பு வாட்சுடையது, மனுஷனுடையது இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வீடு பழையபடி ஆகிவிடும் என்று அவள் நம்பினாள். அதனால் ஒரு நாள் வாட்சை முந்தானையில் முடிந்துகொண்டு, வர மறுத்த சித்தியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஆம்பூர் பஜாருக்குப் போனாள். அங்கே வாட்ச் ரிப்பேர் செய்யும் ஒரு பாய் இருந்தார். கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பேச்சில் கொஞ்சம் அலட்டல் உண்டு.

பாய் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் சிரித்தார்.

"இன்னாம்மா இது, டயல்ல இருபத்தொண்ணு போட்டிருக்குது, உள்ள ஒண்ணுகூட இல்லியே!"

"என்ன இல்ல பாய்?"

"கல்லு. நல்ல வாட்ச்ல சக்கரம் உக்காந்து சுத்தற எடத்துல எல்லாம் பொடியா செவப்புக் கல்லு வெச்சிருப்பாங்கோ. தேயாது. இது வெறும் பித்தள ஓட்டைம்மா. இங்க பாரு, ஆடற எடத்துலயும் ரெண்டு ஆணிதான். அதான் இவ்ளோ சத்தம். வெயில் ஜாஸ்தியானா ஸ்பிரிங்கு வேற இளகிடும். பிளாட்பாரத்துல துணி விரிச்சி விக்கறானே, அந்த மால். வெளிய டயல் வேற, உள்ள மிஷின் வேற. இத நம்பி டூட்டிக்குப் போலாமா?"

அவர் எங்களுக்குக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். எவ்வளவு சின்னது! நடுவில் ஒரு சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாவம்போல ஓடியது.

"கேட்டியாம்மா? மாமா மேல தப்பு இல்ல, கேட்டியா?" என்று அம்மா சித்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அம்மாவின் கண்ணில் அவ்வளவு நிம்மதி. அந்த வாட்ச் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது அந்த நிமிஷம் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சித்தி மெதுவாகச் சொன்னாள். "எங்கப்பா குடுத்தது."

மறுநாளே அவள் குடியாத்தத்துக்குப் பஸ் ஏறினாள். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டாள். அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு அவளுடைய ஊர்க்காரர்கள் சொன்னார்கள். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த தன் அப்பாவின் மடியில் வாட்சைப் போட்டுவிட்டு, "கல்லே இல்லியாம்ப்பா" என்றாளாம். அவர் புரியாமல் பார்த்தாராம். வேலூரில் விற்றவன் இருபத்தொரு கல் என்று சத்தியம் செய்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

அந்த மனிதர் அதற்குப் பிறகு தறியில் சரியாக உட்காரவில்லை. வாட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலூருக்குப் போவார். கோட்டைப் பக்கமும் பஜாரிலும் துணி விரித்து விற்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவன் மெட்ராஸில் எவனையாவது கை காட்டியிருப்பான். அப்படி ஒரு நாள் போனவர் காட்பாடி பஸ்ஸில் மயங்கி விழுந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் இறந்துபோனார். சட்டைப் பையில் அந்த வாட்ச் இருந்ததா என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. எங்கே போனதென்று தெரியாது. சித்தி சாவுக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே இருந்துவிடு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இரு என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தாள்; அவள் சாப்பிட்டாள்; இருந்துவிட்டாள்.

அப்பாவுக்கு வாட்சின் கதை ஆறுதலாக இல்லை. அம்மா சொன்னபோது, "மிஷின் பொய்யி, சரி. அத நம்பி உக்காந்தது யாரு?" என்று மட்டும் கேட்டார். அவர் வேலையை விடவும் இல்லை. விட்டால் சோறு இல்லை. விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி, பூட்டிய கம்பெனி வாசலில் போய்க் குந்திக்கொள்வார். வாட்ச்மேன் திட்டுவான். தூக்கத்தில்கூட எழுந்து உட்கார்ந்து மணி என்ன என்று கேட்பார். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு கடிகாரமே வாங்கவில்லை.

கம்பெனி பெரிய மனது பண்ணிச் சித்திக்கு வேலை கொடுத்தது. அதே கம்பெனியில், காய்ந்த தோலை அடுக்குகிற வேலை. வேறு யார் கொடுப்பார்கள்? அவளும் போனாள். தினமும் சாயங்காலம் ஆற்று மணலில் அவர்கள் இருவரும் திரும்பி வருவதை நான் கரையில் நின்று பார்ப்பேன். அப்பா முன்னால், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. சித்தி பின்னால், எட்டிப் பிடிக்காமலும் பின்தங்காமலும், அதே தூரத்தில். நான் வயதுக்கு வந்தேன், ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனேன், கல்யாணமாகிப் போனேன். ஒவ்வொரு முறை அம்மா வீட்டுக்கு வரும்போதும் மணலில் அந்த இரண்டு பேரும் அப்படியே வந்துகொண்டிருந்தார்கள். அப்பா அந்த வேலையிலேயே கிழவரானார். நெஞ்சு அடைத்து இறந்தார். அவருடைய உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தது சித்திதான். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த கடைசி வருஷங்களில், எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வெளியிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். பேச்சுவாக்கில் கழிவுத் தொட்டிகளைப் பற்றிச் சொன்னார். "அழுகின முட்டை நாத்தம் வர்ற வரைக்கும் தப்பிச்சி ஓடலாம். நாத்தம் திடீர்னு நின்னுட்டா, காத்து சுத்தமாய்டுச்சின்னு அர்த்தம் இல்ல. உங்க மூக்கு செத்துடுச்சின்னு அர்த்தம். அடுத்தது நீங்க."

நான் வகுப்பிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். சித்தப்பாவின் கடைசி வார்த்தைகள் அதுவரை எனக்கு வெறும் வார்த்தைகளாக இருந்தன. அன்றைக்குத்தான் அவற்றின் பொருள் தெரிந்தது. அப்பா நேரத்தோடு போயிருந்தால் அப்பா இறங்கியிருப்பார், அப்பா செத்திருப்பார். அந்தத் தொட்டி யாராவது ஒருவரை வாங்கத்தான் அன்றைக்குத் திறந்திருந்தது. பீடிக்கும் வாட்சுக்கும் தறிக்காரருக்கும் அதில் ஒரு பங்கும் இல்லை. இதைச் சொல்லப் பெரியவர்களில் ஒருவருமா இல்லை?

அப்பாவிடம் சொல்ல முடியாது. அம்மாவும் போய்விட்டாள். சித்தியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய வீட்டுக்குப் போனேன். அவள் தனியாக இருந்தாள். மருந்து ஏறிய தோலைத் தொட்டுத் தொட்டுக் கைகளில் வெள்ளைத் திட்டுகள். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். காற்றைப் பற்றி, மூக்கைப் பற்றி, யார் இறங்கியிருந்தாலும் மேலே வந்திருக்க முடியாது என்பதைப் பற்றி.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அதே கம்பெனிலதானேடி கீறேன். உங்க சித்தப்பாவுக்கு அப்புறம் அந்தத் தொட்டியிலேர்ந்து எத்தினி பேர தூக்கினத பாத்தேன். எல்லாரும் டைமுக்கு வந்தவங்கதான்."

நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆய்ந்தேன். பிறகு கேட்டேன். "அப்ப ஏன் சித்தி எங்கப்பாகிட்ட அப்படி இருந்தே?"

"வேற யார்கிட்ட இருக்கறது? மொதலாளி மூஞ்ச நான் பாத்ததே இல்ல. மானேஜரு கார்ல வந்தாரு, கார்ல போய்ட்டாரு. உங்கப்பாதான் தெனம் எதுக்க இருந்தாரு."

"தெரிஞ்சதுக்கு அப்புறமாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அவரு செத்ததே அந்தப் பாரத்துலதானே?"

கீரைக்காம்புகளைக் கூட்டி ஓரமாகத் தள்ளினாள். பதில் வராது என்று நான் எழுந்தபோதுதான் சொன்னாள்.

"சொன்னா அவருக்கு லேசாய்டும். அப்புறம் நான் மட்டும் தனியா தூக்கணுமே."